2 டிகிரி ஏறினால் 300 மீட்டர் மேலே நட்டால் போதுமா? நீலகிரிச் சோலை மரங்கள், நகரும் எல்லை

#1 கிழக்குச்சரிவு

இடம்: கோத்தகிரி வட்டம், 1,950 மீட்டர் உயரம், கிழக்குப் பார்த்த சரிவு, 4 ஏக்கர் பட்டா. மேல் பாதி புல்வெளி, அங்கங்கே ஒற்றைக் காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்). கீழ்ப் பாதி வயதான சீகைத் தோப்பு (வெளிநாட்டு வாட்டில் மரம்). அதற்கும் கீழே வற்றாத ஓடை, ஓடையை ஒட்டி அரை ஏக்கர் அளவுக்குப் பழைய சோலை (மலைப் பள்ளங்களில் நிற்கும் பசுமைமாறாக் காடு) மிச்சமிருக்கிறது.

திட்டம் இதுதான். 100 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும். காலநிலை மாற்றத்தில் 2 டிகிரி கூடினால் மரங்களின் எல்லை 300 மீட்டருக்கு மேல் ஏறும். அப்படியானால் இன்று 1,600 மீட்டரில் நன்றாக வளரும் நாட்டு மரங்களின் நாற்றை இப்போதே மேல் பாதிப் புல்லில் நட்டுவிடலாம், மரம் பெரிதாகும்போது காலநிலை அதற்கு ஏற்றதாக வந்திருக்கும். எந்த மரம் எங்கே வளரும் என்று கணிக்கும் ஒரு வரைபட மென்பொருளும் இந்த இடத்துக்கு 2050-இல் நல்ல பொருத்தம் காட்டுகிறது. கணக்கு சரிதானா? என்ன இனம், எத்தனை, எந்த மாதம்?

#2 உறைபனிக்கோடு

கணக்கு சரி, முடிவு தப்பு.

0.6 டிகிரி என்பது ஆண்டுச் சராசரி. மரத்தின் மேல் எல்லையை நீலகிரியில் முடிவு செய்வது சராசரி அல்ல. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வரும் சில ராத்திரிகள்தான், அதுவும் முழங்கால் உயரத்துக்குக் கீழே இருக்கும் நாற்றுக்கு நடப்பதுதான் முடிவு செய்கிறது.

வானம் தெளிந்து, காற்று அசையாமல், ஈரப்பதம் குறைந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு விட்டுவிடுகிறது. வானிலை நிலையத்தின் பெட்டிக்குள் ஆள் நெஞ்சு உயரத்தில் இருக்கும் வெப்பமானி 3 டிகிரி காட்டும்போது, புல் நுனியில் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். 3 முதல் 5 டிகிரி வித்தியாசம் சாதாரணம். செய்தியில் சொல்லும் குறைந்தபட்ச வெப்பநிலையை வைத்து நாற்றின் கதியைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இது.

இன்னொன்று. சராசரி ஏறுவதால் உறைபனி இரவுகள் அதே விகிதத்தில் குறையும் என்று நினைக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை சீக்கிரம் நின்றுபோன ஆண்டில் டிசம்பர் வானம் காலியாக இருக்கும், காற்று வறண்டிருக்கும். நீர்ப்பனி போய் உறைபனி இறங்க அதுதான் நல்ல தோது. ஆண்டு முழுக்க ஒரு டிகிரி கூடுதல் வெப்பமாக இருந்துவிட்டு, ஒரே ராத்திரியில் எல்லா நாற்றையும் கருக்கிவிடும்.

உங்கள் சரிவு கிழக்குப் பார்த்தது. அது இன்னும் மோசம். உறைந்த இலையின் மேல் காலையின் முதல் வெயில் நேராக விழுகிறது. இலைக்குள் பனி வேகமாக உருகுவதும், குளிரில் செயலிழந்த இலை முழு வெளிச்சத்தில் மாட்டுவதும் சேர்ந்துதான் இலையைக் கருக்குகின்றன. மேற்குச் சரிவில் அதே குளிரில் நின்ற நாற்று தப்பிவிடுவதுண்டு. வெயில் வந்து சேர்வதற்குள் மெல்ல உருகியிருக்கும்.

சோலை மரங்களின் நாற்றை நீலகிரிப் புல்வெளியில் நட்டுப் பார்த்த ஆய்வு 2020-இல் வந்தது. உறைபனியில் நாட்டு நாற்றுகள் பெருமளவு மாண்டன. சீகை நாற்று தாக்குப்பிடித்தது. அதாவது வெப்பம் ஏறி உறைபனி தளர்ந்தால் புல்லுக்குள் முதலில் நுழையக் காத்திருப்பது செண்பகம் போன்ற நாட்டு மரம் அல்ல, சீகைதான்.

#3 புல்மேடு

மேல் பாதியில் மரமே வைக்காதீர்கள். உறைபனி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

அது காடு அழிந்து மிஞ்சிய கட்டாந்தரை இல்லை. நீலகிரியின் சதுப்பு மண்ணில் புதைந்த கார்பன் ஓரகத்தனிமங்களை (ஐசோடோப்புகளை) வைத்து 1993-இல் வெளியான ஆய்வு, பல்லாயிரம் ஆண்டுகளாகவே இங்கே புல்லும் மரமும் மாறி மாறிக் கூடிக் குறைந்து வந்திருப்பதைக் காட்டியது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் வறட்சி மிகுந்து புல்லின் கை ஓங்கியிருந்தது, பிறகு மழை கூடியபோது மரம் கூடியது. ஆங்கிலேயர் வந்து வெட்டியதால் வந்த புல் என்பது கட்டுக்கதை.

பழனி மலையில் 1973 முதல் 2014 வரை புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. எடுத்துக்கொண்டவை சீகை, பைன், கற்பூர மரம் (யூகலிப்டஸ்), அப்புறம் விவசாயம். மிச்சத்தையும் நாட்டு மரம் என்ற பெயரில் மூடினால் புல்வெளிக்கு வித்தியாசம் ஒன்றுமில்லை.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. நீலகிரியின் கிளென்மார்கனில் இரண்டு நீர்ப்பிடிப்புகளை அருகருகே வைத்து அளந்தார்கள். ஒன்றைப் புல்லாக விட்டு, மற்றதில் கற்பூர மரம் வைத்தார்கள். முதல் 10 ஆண்டுச் சுழற்சியில் ஓடைக்கு வரும் நீர் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. நாட்டு மரம் கற்பூர மரம் அளவுக்குக் குடிக்காது என்று வாதாடலாம். ஆனால் உங்கள் ஓடை வற்றாமல் இருப்பதற்கு மேல் பாதிப் புல் ஒரு காரணம் என்பதை மறக்க வேண்டாம்.

#4 வரைபடவாசி

மென்பொருள் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இந்த வகை வரைபடங்கள் பெரும்பாலும் 30 விகலைக் கட்டத்தில் ஓடும். ஒரு கட்டம் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் பக்கம். கோத்தகிரிக் கிழக்குச் சரிவில் 1 கிலோமீட்டருக்குள் 300 மீட்டர் இறக்கம் இருப்பது சகஜம். அதாவது ஒரே கட்டத்துக்குள் ஏறத்தாழ 2 டிகிரி வித்தியாசம் அடங்கியிருக்கிறது. நீங்கள் கணிக்க நினைக்கும் மாற்றமே 2 டிகிரிதான். அளவுகோலின் ஒரு கோடு தடிமனுக்குள் முழுக் கேள்வியும் ஒளிந்துகொள்கிறது.

இரண்டாவது, 19 காலநிலை மாறிகளைக் கொடுத்து ஓட்டுவார்கள். அதில் 'மிகக் குளிர்ந்த மாதத்தின் குறைந்தபட்ச வெப்பம்' என்று ஒன்று இருக்கும். அது மாதச் சராசரி. உறைபனி இரவுகளின் எண்ணிக்கை அதில் இல்லை, புல் மட்டத்து வெப்பமும் இல்லை.

மூன்றாவது, மரம் இருந்த இடப் புள்ளிகள். பழைய உலர்தாவரத் தாள்களில் (உலர்த்தி ஒட்டி வைத்த செடி மாதிரிகளில்) வெறும் 'நீலகிரி' என்றோ 'உதகமண்டலம்' என்றோ எழுதியிருப்பதை யாரோ பிற்காலத்தில் நகர மையத்தின் ஆயத்தொலையாக (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக) மாற்றியிருப்பார்கள். 1,400 மீட்டரில் பறித்த கிளை 2,240 மீட்டரில் குத்தப்பட்டிருக்கும். மிச்சப் புள்ளிகள் சாலையோரத்தில் குவிந்திருக்கும். உயரக்கோட்டு வரைபடத்தோடு ஒப்பிட்டு, இடப்பிழை 500 மீட்டருக்கு மேல் போகும் புள்ளிகளைக் கழித்த பிறகுதான் ஓட்ட வேண்டும். கழித்தால் சில இனங்களுக்கு 10 புள்ளிகூடத் தேறாது. அப்போது மாதிரியை ஓட்டாமல் இருப்பதே நேர்மை.

வரைபடம் பயன்படும் இடம் ஒன்று உண்டு. மாவட்ட அளவில், எந்த மலைத்தொடரில் இடம் மிஞ்சும், எதில் மிஞ்சாது என்று பார்க்க. நீலகிரி கூம்பு வடிவ மலை இல்லை, மேசை. 1,900 முதல் 2,300 மீட்டர் வரை விரிந்து கிடக்கிறது, அதற்கு மேல் தொட்டபெட்டா (2,637), முக்கூர்த்தி (2,554) போலச் சில தலைகள் மட்டும். எல்லை 300 மீட்டர் ஏறினால் பரப்பு கொஞ்சம் குறையும் என்பதல்ல, பெரும்பங்கு காணாமல் போகும். பழனியிலும் அப்படித்தான், வந்தரவு 2,533-இல் முடிகிறது. ஏறிப்போக அதற்கு மேல் மலை கிடையாது.

#5 பசுமைப்பங்கு

> மேல் பாதியில் மரமே வைக்காதீர்கள்

இது கொஞ்சம் அதீதம். மாநிலமே 33 சதவீதப் பசுமைப் பரப்புக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது, சொந்த நிலத்தில் மரம் வைக்கிறேன் என்று வருகிறவரைத் தடுப்பதா? கார்பன் பிடிக்கிறதே.

#6 புல்மேடு

@பசுமைப்பங்கு புல்லின் கார்பன் மண்ணுக்குள் இருக்கிறது. மேலே தீ வந்தால் தழை எரியும், கீழே இருப்பது அப்படியே கிடக்கும், அடுத்த மழைக்குத் துளிர்க்கும். உயர்மலைப் புல்வெளியின் கறுப்பு மண்ணை ஒரு கைப்பிடி எடுத்துப் பிசைந்தாலே எவ்வளவு மக்கு இருக்கிறது என்று தெரியும். குழி தோண்டும்போது அந்த மண் காற்றுப்பட்டு மக்கு சிதையத் தொடங்குகிறது. 33 சதவீதத்தை அடைய சமவெளியில் கண்மாய்க்கரை, சாலையோரம், தரிசு என்று இடம் கிடக்கிறது. 1,950 மீட்டர்ப் புல்லை வைத்து அந்தக் கணக்கை நிரப்ப வேண்டியதில்லை.

மேற்கு விளிம்பில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. செங்குத்துப் புல்சரிவில் வரிசையாகக் குழி எடுத்து வைத்தால், அந்த மாதிரி மழையில் ஒவ்வொரு குழியும் நீர் தேங்கும் பானை. சரிவு வழுக்கத் தொடங்குவது அங்கிருந்துதான்.

#7 கிழக்குச்சரிவு

சரி, மேல் பாதியை விட்டுவிடுகிறேன். உறைபனி இரவுகளை எப்படி அளப்பது? சீகைத் தோப்பை என்ன செய்வது? முழுதும் வெட்டிவிட்டுச் சோலை வைக்கலாமா?

#8 உறைபனிக்கோடு

அளப்பது சுலபம், ஆனால் பலரும் தப்பாக அளக்கிறார்கள்.

வெப்பநிலையைத் தானாகக் குறிக்கும் நான்கு பதிவுக் கருவிகள் போதும். ஒன்று புல்வெளி மேட்டில், ஒன்று புல்வெளியின் பள்ளத்தில், ஒன்று சீகைக்கு அடியில், ஒன்று பழைய சோலைக்குள். நான்கும் தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில். 10 நிமிடத்துக்கு ஒரு பதிவு, நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. பகல் வெயில் நேராகப் படாமல் மேலே வெள்ளைத் தகடு ஒன்று வேண்டும். ஆனால் கருவியைப் பெட்டிக்குள் முழுக்க மூடிவிடக் கூடாது. மூடினால் இரவில் வானத்துக்கு வெப்பம் இழப்பதும் நின்றுபோய், 2 டிகிரி கூடுதலாகக் காட்டும். நிலத்தில் வைக்கும் முன் நான்கையும் நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் அரை மணி நேரம் முக்கி வையுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். அரை டிகிரி பிசகினால் குறித்துக்கொண்டு கழியுங்கள்.

குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்கும். திறந்த பள்ளம்தான் மிக மோசமான உறைபனிக் குட்டை. ஆனால் சோலையும் பள்ளத்தில்தானே நிற்கிறது என்று கேட்பீர்கள். கூரை இருக்கிறது, அதனால் நிற்கிறது. இலைக்கூரைக்கு அடியில் நிலம் வானத்தைப் பார்ப்பதில்லை. கூரையை எடுத்துவிட்டால் அதே பள்ளத்தில் அதே மரத்தின் நாற்று பிழைக்காது. சோலை ஒருமுறை வெட்டுப்பட்டால் தானாகத் திரும்பாததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இதிலேயே உங்கள் சீகைக் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. மீதியை விதைக்கூடை சொல்லட்டும்.

#9 விதைக்கூடை

சீகையை ஒரேயடியாக வெட்டாதீர்கள். இரண்டு காரணம்.

ஒன்று மேலே சொன்ன கூரை. வயதான சீகைத் தோப்புக்கு அடியில் சோலை நாற்று தானாக வருவது நீலகிரியிலும் பழனியிலும் பல இடத்தில் கண்கூடு. பக்கத்தில் தாய்மரம் இருந்து, புறா வந்து உட்கார ஒரு கிளை இருந்தால் போதும். உங்களுக்கு அரை ஏக்கர் சோலை ஒட்டியே இருக்கிறது. நாற்று விலைக்கு வாங்குவதற்கு முன் தோப்புக்குள் குனிந்து எண்ணிப் பாருங்கள். பாதி வேலை முடிந்திருக்கலாம்.

இரண்டாவது, சீகை விதை மண்ணுக்குள் 50 ஆண்டு உயிரோடு கிடக்கும். முழுதும் வெட்டி வெளிச்சம் விட்டால், அதுவும் தீ ஒன்று ஓடிவிட்டால், ஒரு சதுர மீட்டரில் நூற்றுக்கணக்கில் கீரைப்பாத்தி மாதிரி முளைக்கும். அதைப் பிடுங்க ஆள்கூலி கொடுத்தே நிலம் விற்றுப் போகும்.

செய்ய வேண்டியது: முதல் ஆண்டில் நான்கில் ஒரு மரம், அதுவும் சோலையை ஒட்டிய பக்கத்திலிருந்து. வானம் தெரியும் இடம் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு இடைவெளி பக்கத்து மரத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் அகலமாகக் கூடாது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து நாற்று இடுப்பைத் தாண்டியதும் அடுத்த கால் பங்கு. சீகையைத் தரைமட்டமாக வெட்டினால் பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது. பிளாக்வுட் (சீகையின் இன்னொரு வகை) கலந்திருந்தால் கவனம், அது வெட்டினால் வேரிலிருந்து கன்று விடும். அதை வெட்டாமல் நின்றவாக்கில் பட்டையை அரை மீட்டர் அகலத்துக்குச் சுற்றிலும் உரித்துக் காய விடுவது மேல். வெட்டு விழுந்த ஒவ்வொரு இடத்திலும் அடுத்த ஐந்து ஆண்டு, மழைக்குப் பிறகு சீகைக் கன்றைக் கையால் பிடுங்க வேண்டும். ஒரு சாண் உயரத்துக்குள் பிடுங்கினால் வேரோடு வரும்.

ஒரு எச்சரிக்கை: பட்டா நிலமானாலும் மலைப்பகுதியில் 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அனுமதி வாங்காமல் கத்தி வைக்க வேண்டாம்.

#10 முதுமலைக்கிழக்கு

எல்லோரும் மேல் எல்லையையே பேசுகிறீர்கள். கீழ் எல்லையை யார் பார்ப்பது?

மேலே உறைபனி எப்படியோ கீழே வறட்சி மாதங்கள் அப்படி. மேற்குத் தொடர்ச்சி மலையில் பசுமைமாறாக் காட்டின் இனங்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதை ஆண்டு மழையின் மொத்தத்தைவிட வறண்ட மாதங்களின் நீளம்தான் நன்றாக விளக்குகிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தாவர வரைபடங்கள் அந்த அடிப்படையில் வந்தவை. 2,000 மி.மீ. மழை நான்கு மாதத்தில் கொட்டி எட்டு மாதம் காய்ந்தால் வெடிப்பலாவும் நாங்கும் நிற்காது. அதே மழை எட்டு மாதம் பரவினால் நிற்கும்.

வெப்பம் 1 டிகிரி கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். மழை அதே அளவு பெய்தாலும் மார்ச் மாதக் காற்று இலையிலிருந்து உறிஞ்சுவது கூடும். மழைமானியில் ஒன்றும் தெரியாமலேயே வறண்ட காலம் நீண்டுவிடும்.

இதில் ஏமாற்றுவது நேரம். முதுமலையில் 50 ஹெக்டேர் நிலையான ஆய்வுத்திடல் 1988 முதல் இருக்கிறது. அங்கே பெரிய மரங்களின் சாவு மழை பொய்த்த ஆண்டோடு பொருந்தவில்லை, இரண்டு மூன்று ஆண்டு தள்ளித்தான் பொருந்தியது. வறட்சி முடிந்து நல்ல மழை பெய்யும் ஆண்டில் மரம் சாயும், பார்க்கிறவர் பூச்சி, நோய் என்று வேறு காரணம் சொல்வார். நட்ட மரம் இரண்டு கோடை தாண்டிவிட்டது, இனிப் பயமில்லை என்று அறிக்கை எழுதுவது இதனால்தான் அவசரம்.

கேட்டவருக்கு: 1,600 மீட்டர் மரத்தை மேலே கொண்டுவருவதற்கு முன், 1,600 மீட்டரில் அது இன்னும் கன்று போடுகிறதா என்று பாருங்கள்.

#11 வரைபடவாசி

@முதுமலைக்கிழக்கு இதுதான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். 150 வயது மரம் 150 ஆண்டுக்கு முந்தைய காலநிலையில் முளைத்தது. அது அங்கே நிற்பது அன்றைய சாட்சி. இன்றைய எல்லையைச் சொல்வது நாற்று மட்டும்.

அளக்கும் முறை: மலையேற்றத்தில் 50 மீட்டர் உயரத்துக்கு ஒரு நிலை. ஒவ்வொன்றிலும் 10×10 மீட்டரில் மூன்று கட்டம், மூன்றும் ஒரே பக்கம் பார்த்த சரிவில். கட்டத்துக்குள் நெஞ்சளவில் சுற்றளவு 10 செ.மீ.க்கு மேலுள்ள எல்லா மரமும். ஒவ்வொரு கட்டத்தின் நான்கு மூலையிலும் 2×2 மீட்டரில் கன்றுகள், மூன்று தட்டாக: 30 செ.மீ.க்குக் கீழ், 30 முதல் 1 மீட்டர், 1 முதல் 3 மீட்டர். பிறகு இனவாரியாக, பெரிய மரங்கள் நிற்கும் மலையுயரத்தின் நடு அளவு என்ன, கன்றுகள் நிற்கும் மலையுயரத்தின் நடு அளவு என்ன என்று ஒப்பிடுங்கள். கன்றின் நடு அளவு மேலே தள்ளியிருந்தால் எல்லை ஏறுகிறது. கீழ்நிலைகளில் பெரிய மரம் இருந்தும் இரண்டாம் தட்டுக் கன்று ஒன்றுகூட இல்லை என்றால் கீழ் எல்லை தேய்கிறது. முதல் தட்டை மட்டும் நம்ப வேண்டாம். நல்ல காய்ப்பு ஆண்டுக்குப் பிறகு எங்கும் முளைத்திருக்கும், அடுத்த பனிக்காலம் தாண்டியது எத்தனை என்பதுதான் கேள்வி.

#12 உறைபனிக்கோடு

முறை சரி. ஆனால் கன்று இல்லை என்றவுடன் காலநிலை என்று எழுதிவிடக் கூடாது. காட்டுமாடும் கடமானும் மேய்ந்தாலும் அதே வெற்றிடம்தான் தெரியும். நுனி சாய்வாகக் கடிபட்டிருக்கிறதா, கிழிந்திருக்கிறதா, இல்லை பழுப்பாகக் கருகி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகமென்றால் 2×2 மீட்டரில் ஒரு கம்பிவலைக் கூண்டு, பக்கத்தில் கூண்டில்லாமல் அதே அளவு. இரண்டு ஆண்டில் பதில் தெரியும்.

பறவையும் உண்டு. பெரிய கொட்டை உள்ள பழங்களை விழுங்கிக் கொண்டுபோக மலைப்புறா போன்ற சில பறவைகளே தகுதி. இடையில் 2 கிலோமீட்டர் தேயிலைத் தோட்டம் என்றால் விதை மேலே போக வழியில்லை. எல்லை ஏறாதது மரத்தின் இயலாமை அல்ல, வழி அடைபட்டது.

#13 பசுமைப்பங்கு

அப்படி வழி அடைபட்டிருந்தால் நாமே கொண்டுபோய் வைப்பதில் என்ன தப்பு? முதல் பதிவில் அவர் கேட்டதும் அதுதானே. எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' என்றால் சோலை மரம் கீழே காய்ந்து மேலே கருகிச் சாகட்டும் என்கிறீர்களா?

#14 விதைக்கூடை

நல்ல கேள்வி. கொண்டுபோகலாம், ஆனால் இனத்தை அல்ல, விதைமூலத்தை. 1,600 மீட்டரில் மட்டுமே வளரும் புது இனத்தை 1,950-க்குக் கொண்டுவருவது வேறு. 1,950-இல் ஏற்கனவே இருக்கும் இனத்தின் விதையைக் கொஞ்சம் கீழிருந்து, கொஞ்சம் வறண்ட பக்கத்திலிருந்து எடுத்துக் கலப்பது வேறு. முதலாவதில் தெரியாத பயிர், தெரியாத இடம். இரண்டாவதில் அதே இனம், மகரந்தம் பரப்பும் அதே உயிர்கள், வறட்சி தாங்கும் குணம் மட்டும் கலக்கிறது.

விகிதம் என் கணிப்பில் ஏழுக்கு மூன்று. ஏழு பங்கு உங்கள் ஓடைச் சோலையும் சுற்றுவட்டமும், மூன்று பங்கு 200 முதல் 300 மீட்டர் கீழே. நேர்மாறாகச் செய்தால் முதல் உறைபனியில் மொத்தமும் போகும் ஆபத்து. கீழிருந்து வந்த நாற்று டிசம்பரிலும் துளிர் விட்டுக்கொண்டே இருக்கும், இளந்துளிர்தான் முதலில் கருகுவது. இரண்டு மூலத்துக்கும் வெவ்வேறு நிறத்தில் கம்பி கட்டி நடுங்கள், இல்லாவிட்டால் ஐந்து ஆண்டு கழித்து எது பிழைத்தது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு இனத்துக்குக் குறைந்தது 15 தாய்மரம், ஒன்றுக்கொன்று 50 மீட்டராவது தள்ளி. ஒரே பெரிய மரத்தடியில் மூட்டை கட்டுவதுதான் வழக்கமான தப்பு. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் பொறுக்க வேண்டாம்.

விதை விஷயம், சுருக்கமாக:

மலை நாவல் வகைகள்: காயவே கூடாது. பழம் பொறுக்கிய அன்றே சதையைக் கழுவி, ஈரச் சாக்கில் சுற்றி, ஒரு வாரத்துக்குள் பாத்தியில். வெயிலில் உலர்த்தி டப்பாவில் போட்டால் விதை செத்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. ஒரு விதையில் இரண்டு மூன்று முளை வரும், பலமானதை வைத்து மற்றதைக் கிள்ளுங்கள்.

காட்டுச்செண்பகம்: சிவப்புத் தோலில் எண்ணெய் இருக்கிறது, அது முளைப்பைத் தடுக்கும், எறும்பையும் எலியையும் அழைக்கும். ஒரு நாள் ஊறவைத்து, சாம்பலோ மணலோ போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். உடனே விதையுங்கள்.

ருத்ராட்ச வகைகள் (படகர் 'பிக்கி' என்பார்கள்): கல் மாதிரி கொட்டை. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகும். பாத்தியைக் கொட்டிவிடாமல் இருப்பதுதான் இதில் திறமை.

காட்டுப்பூவரசு: தூள் போன்ற விதை. மேலே மண் போடக் கூடாது, வெளிச்சம் வேண்டும். நொறுக்கிய பாசியின் மேல் தூவி, அடியிலிருந்து தண்ணீர் ஏறவிட வேண்டும். பூவாளி பிடித்தால் ஒரு மூலையில் குவிந்துவிடும்.

மண் கலவை: மேல்மண் இரண்டு, மணல் ஒன்று, நன்றாக மக்கிய சாணம் ஒன்று. ஒவ்வொரு பையிலும் சோலைத் தரையின் மண் ஒரு பிடி. வேருக்கு உதவும் பூஞ்சை அதிலிருந்து வரும். பை 15×23 செ.மீ. சோலை நாற்று 45 செ.மீ. ஆக 18 முதல் 24 மாதம் பிடிக்கும், அவசரப்படுத்தி யூரியா விட்டால் தண்டு நீளும், பனியில் முதலில் விழுவது அதுதான். செப்டம்பருக்குப் பிறகு தழைச்சத்து நிறுத்துங்கள். நிழல்வலையை ஒரே நாளில் எடுக்காமல், நடவுக்கு மூன்று மாதம் முன்பிருந்து காலை மாலை மட்டும் விலக்கி விலக்கிப் பழக்குங்கள்.

#15 முதுமலைக்கிழக்கு

நடவு மாதம் யாரும் சொல்லவில்லை. கோத்தகிரிப் பக்கம் மழை அக்டோபர், நவம்பரில்தான் அதிகம். அக்டோபர் முதல் வாரம் என்பேன்.

#16 உறைபனிக்கோடு

அக்டோபரில் நட்டால் உறைபனிக்கு இரண்டே மாதம். வேர் பையளவைத் தாண்டியிருக்காது. ஜூன் கடைசியில் தென்மேற்கின் சாரலுக்கு நட்டு, இடையில் பத்து நாள் மழை விட்டால் கைத்தண்ணீர் கொடுப்பது மேல்.

#17 முதுமலைக்கிழக்கு

கைத்தண்ணீர் 400 நாற்றுக்குச் சரி, 4,000-க்கு முடியாது. சீகைக்கு அடியில் உறைபனி விழவில்லை என்று கருவி காட்டினால் அக்டோபரில் என்ன பயம்? இவருக்கு ஓடை பக்கத்தில் இருப்பதால் ஜூனும் சரிப்படும். ஓடை இல்லாதவர்கள் அக்டோபர்.

#18 உறைபனிக்கோடு

ஒப்புக்கொள்கிறேன். கூரைக்கடியில் அக்டோபர், கூரையின் விளிம்பில் ஜூன்.

#19 கிழக்குச்சரிவு

மிக்க நன்றி எல்லோருக்கும். இப்படிச் சரியா: இந்த நவம்பரில் நான்கு கருவி. தோப்புக்குள் கன்று எண்ணிக்கை. அடுத்த ஆண்டு சோலையை ஒட்டி முதல் கால் பங்குச் சீகை. புல்லில் நடவு இல்லை, ஆனால் அங்கே முளைக்கும் சீகைக் கன்றைப் பிடுங்குவது. எத்தனை நாற்று தேவைப்படும்?

#20 விதைக்கூடை

சோலை விளிம்பிலிருந்து 20 மீட்டர் அகலத்துக்கு மட்டும் முதலில் பாருங்கள். இடைவெளிகளில் 2 மீட்டருக்கு ஒன்று வைத்தால் ஏக்கருக்கு 1,000 ஆகும். ஆனால் தானே வந்த கன்று இருக்கும் இடத்தில் நடத் தேவையில்லை. உங்கள் நிலத்துக்கு 300 முதல் 400-க்கு மேல் போகாது என்று நினைக்கிறேன். எட்டுப் பத்து இனமாவது இருக்கட்டும், எந்த ஒன்றும் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். குழி 30 செ.மீ. கன அளவு போதும். சுற்றிலும் சீகைச் சருகு மூடாக்கு, தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி.

புல்லும் தோப்பும் சேரும் விளிம்பில் மரம் வேண்டாம். ஊசிக்கலா, தவிட்டுப்பழம், விராலி மாதிரிப் புதர் வையுங்கள். உள்ளே குளிர்காற்று வழிவதை அது தடுக்கும்.

முதல் இரண்டு பனிக்காலம் விளிம்பு நாற்றுக்குக் கோத்தகிரி மலார், தாகை போன்ற செடிகளை வெட்டிக் கூடாரம் மாதிரிச் செருகுங்கள். ஊட்டிப் பூங்காவில் செய்வது அதேதான். கிழக்குப் பக்கம் அடர்த்தியாக, காலை வெயிலை மறைக்கும்படி. பிளாஸ்டிக் தாள் வேண்டாம். இலை தாளைத் தொடும் இடத்திலெல்லாம் கருகும், பகலில் உள்ளே வெந்துவிடும்.

#21 புல்மேடு

புல்லில் சீகைக் கன்று பிடுங்கும்போது ஒற்றைக் காட்டுப்பூவரசின் கன்றையும் சேர்த்துப் பிடுங்கிவிட ஆட்கள் தயங்கமாட்டார்கள். சீகைக் கன்றில் இலை இறகு மாதிரி நுணுக்கமாகப் பிரிந்திருக்கும், பூவரசில் தடித்த ஒற்றை இலை, அடியில் வெளுப்பு. முதல் நாளே இரண்டையும் கையில் கொடுத்துக் காட்டிவிடுங்கள்.

#22 வரைபடவாசி

கருவியின் பதிவுகளை மார்ச்சில் இங்கே போடுங்கள். பூஜ்யமும் அதற்குக் கீழும் போன இரவுகள் எத்தனை, எத்தனை மணி நேரம், நான்கு இடத்துக்கும் தனித்தனியாக. சீகைக்கு அடியிலும் புல்மேட்டிலும் உள்ள வித்தியாசம் 2 டிகிரிக்குக் குறைவு என்றால் கால் பங்கு வெட்டுவதைக்கூடத் தள்ளிப்போட வேண்டிவரும்.